டிராகன் இருந்தால்தான் சீன உடையா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் சீன ஃபேஷன் பற்றி வந்த கட்டுரையைப் படித்த நாளிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன், இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்ட வேண்டுமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கைத்தொழில்களின் பெயர்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள், நான் எழுதுவதே அந்தப் பெயர்களுக்காகத்தான்.

சீன உடை என்றால் சிவப்பு, தங்கச் சரிகை, டிராகன், நிமிர்ந்த காலர் என்று சொல்லிவிட்டு, இளம் சீன டிசைனர்கள் இப்போது தங்கள் பண்பாட்டு அடையாளத்தைத் தேடுகிறார்கள் என்று ஒரே வரியில் கட்டுரை முடிந்துவிட்டது. எங்கே தேடுகிறார்கள், எதில் தேடுகிறார்கள் என்பதுதானே விஷயம், அது இல்லை. கூடவே ஒரு படம்: 2015-இல் நியூயார்க்கில் மெட் காலா என்ற பெரிய ஃபேஷன் விழாவில் பாடகி ரிஹானா அணிந்துவந்த அந்த நீண்ட மஞ்சள் மேலங்கி. கீழே 'சீன பாணி உடையில் ரிஹானா' என்று போட்டிருந்தீர்கள். அணிந்தவரின் பெயர் இருந்தது, செய்தவரின் பெயர் படத்தின் கீழும் இல்லை, கட்டுரைக்குள்ளும் இல்லை.

அதை வடிவமைத்தவர் குவோ பெய். பெய்ஜிங்கில் 1967-இல் பிறந்தவர், 1997-இல் அங்கேயே சொந்தப் பட்டறை தொடங்கியவர். அந்த மேலங்கி ஏறக்குறைய 25 கிலோ எடை, செய்து முடிக்க இரண்டு வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஆனது. அவர் பிறந்த வருடத்தைக் கவனியுங்கள். அதே 1967 ஏப்ரலில் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில், சீனக் குடியரசுத் தலைவராக இருந்த லியு ஷாவ்சியின் மனைவி வாங் குவாங்மெய்யை மேடையில் நிறுத்தி, அவர் வெளிநாட்டுப் பயணத்தில் சீபாவ், அதாவது நிமிர்ந்த காலர் வைத்த நீண்ட சீனப் பெண்கள் உடை, உடுத்திய குற்றத்துக்காக அதே மாதிரி உடையைக் கட்டாயமாக மாட்டிவிட்டு, கழுத்தில் பிங்பாங் பந்து மாலையையும் போட்டு அவமானப்படுத்தினார்கள். மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலம். பழைய வழக்கங்களை ஒழிக்கிறோம் என்று பூத்தையல் போட்ட துணி, பட்டு அங்கி எல்லாம் எரிக்கப்பட்ட காலம். குவோ பெய்யின் தலைமுறை வளர்ந்தது எல்லோரும் நீலமும் சாம்பலும் பச்சையும் மட்டும் உடுத்திய தெருக்களில். அவருக்குப் பழைய உடைகள் வந்து சேர்ந்தது பாட்டி சொன்ன கதைகள் வழியாகத்தான், பட்டு எப்படி இருக்கும், அதில் பூக்களை எப்படித் தைப்பார்கள் என்று பாட்டி இரவில் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அந்த மஞ்சள் உடையைப் பாருங்கள், அப்புறம் அது ஒரு பாடகியின் பகட்டாக மட்டும் தெரியாது.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. நான் சீனாவின் சூஜோ நகரத்தில் நான்கு வருடம் இருந்தவள். கணவருக்கு அங்கே வேலை, எனக்கு மொழியும் தெரியாது, வேலையும் இல்லை. அதனால் வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து, தாய்ஹு ஏரிக்கரையில் இருக்கும் ஜென்ஹு என்ற ஊருக்குப் போய் பூத்தையல் கற்றுக்கொண்டேன். அந்த ஊரில் பெண்கள் 8,000 பேர் ஊசி பிடிப்பவர்கள் என்று சொல்வார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரை லாவ்ஷி என்றுதான் கூப்பிடுவேன், அங்கே ஆசிரியர்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதல் மூன்று மாதம் நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. நூல் மட்டும் பிரித்தேன். சூஜோ பூத்தையலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கு ஒற்றை நூலாகத் தெரியும் பட்டு இழையை விரல் நுனியால் இரண்டாக்கி, நான்காக்கி, எட்டாக்கி, 16 ஆக்க வேண்டும். தங்கமீனின் வால் ஓரத்துக்கு அந்த 16-இல் ஒரு பங்குதான் ஊசியில் ஏறும், கைதேர்ந்தவர்கள் அதையும் பிரிப்பார்கள். அப்போதுதான் வால் தண்ணீரில் கரைகிற மாதிரி துணியில் கரையும். என் விரல்களில் பாத்திரம் தேய்த்த சொரசொரப்பு இருந்ததால் இழை தோலில் மாட்டி மாட்டி அறுந்தது. லாவ்ஷி என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, முதலில் கையைச் சரிபண்ணிக்கொண்டு வா, பட்டு அப்புறம் என்றார். அவர் வீட்டில் காய் நறுக்குவதைக்கூட யோசித்துத்தான் செய்வார், கையில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வாரம் வேலை போச்சு.

அவருடைய பெரிய பெருமை இருபக்கத் தையல். மெல்லிய துணியின் முன்னும் பின்னும் ஒரே பூனை இருக்கும், எந்தப் பக்கமும் முடிச்சோ நூல் முனையோ தெரியாது. சிலவற்றில் ஒரு பக்கம் பூனையின் கண் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். எப்படி என்று கேட்டால் செய்து காட்டுவார், விளக்கமாட்டார்.

இந்தத் தையல் ஏதோ ஆயிரம் வருடம் மாறாமல் அப்படியே வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சூஜோவில் 1874-இல் பிறந்த ஷென் ஷோ என்ற பெண்மணியைப் பற்றி லாவ்ஷி அடிக்கடி சொல்வார். பேரரசி சிஷியின் 70-வது பிறந்தநாளுக்குப் பூத்தையல் வேலைப்பாடுகள் கொடுத்து, அவர் கையால் எழுதிக்கொடுத்த 'ஷோ' என்ற எழுத்தையே, அதாவது நீண்ட ஆயுள் என்ற சொல்லையே, தன் பெயராக்கிக்கொண்டவர். ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், மேற்கத்திய ஓவியத்தின் ஒளியையும் நிழலையும் நூலில் கொண்டுவந்தார். அவர் தைத்த இத்தாலிய ராணியின் முகம் 1911-இல் டூரின் கண்காட்சியில் பரிசு பெற்றது, இயேசுவின் முகம் 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில். 1914-இல் நான்டொங் நகரில் பெண்களுக்கான பூத்தையல் பள்ளிக்குத் தலைமை ஏற்றார், உடல்நிலை மோசமான பிறகும் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி 1919-இல் புத்தகமாக வந்தது, இரண்டு வருடத்தில் அவர் காலமானார். ஒரு இத்தாலிய ராணியின் முகம் எப்படிச் சீனப் பண்பாடாக ஆகும் என்று யாராவது கேட்டால், அந்த நூல் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

லாவ்ஷியின் மகள் ஷாங்ஹாயில் ஃபேஷன் டிசைன் படித்தவள். அம்மாவும் மகளும் என் முன்னாலேயே ஒருநாள் சண்டை போட்டார்கள். மகள் ஒரு கறுப்பு கோட் தைத்துக் கொண்டுவந்து, இதன் தோள் பகுதியில் நீங்கள் தையல் போட வேண்டும், ஆனால் மீன் வேண்டாம், பூ வேண்டாம், பறவை வேண்டாம், தங்கமீன் நீந்தும் படத்தில் மீனைச் சுற்றி நீங்கள் தண்ணீர் தைப்பீர்களே, அந்தத் தண்ணீர் மட்டும் வேண்டும் என்றாள். லாவ்ஷிக்குக் கோபம். மீன் எங்கே, மீன் இல்லாமல் அது தண்ணீர் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகள், யாருக்கும் தெரிய வேண்டாம், கிட்ட வந்து பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும் என்றாள். இரண்டு வாரம் அந்தக் கோட் ஆணியிலேயே தொங்கியது. மூன்றாவது வாரம் நான் போனபோது லாவ்ஷி அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கறுப்பின் மேல் கறுப்புக்கு மிக அருகிலிருக்கும் சாம்பல் இழைகளை ஒன்றொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். இதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை என்றார், முகத்தில் சந்தோஷம். அந்தக் கோட்டில் டிராகன் இல்லை, சிவப்பு இல்லை, காலர்கூட நிமிர்ந்தது இல்லை. ஆனால் நான் அங்கே பார்த்த உடைகளிலேயே அதைவிடச் சூஜோத்தனமான ஒன்றைப் பார்த்ததில்லை.

இப்படித் தொழிலுக்குள்ளே போய்த் தேடும் டிசைனர்கள் சீனாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த துணி குவாங்டொங் மாகாணத்தின் ஷுன்டே பகுதியில் செய்யப்படும் ஷியாங்யுன்ஷா, சேற்றுப் பட்டு என்று சொல்லலாம். வள்ளிக்கிழங்கு வகையைச் சேர்ந்த ஒரு கிழங்கின் சாற்றில் பட்டுத் துணியை ஊறவைத்து, புல்தரையில் விரித்து வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, மறுபடி காயவைத்து, இப்படிப் பலமுறை. கடைசியில் விடியும் முன்பே, வெயில் படாத நேரத்தில், ஆற்றுச் சேற்றைத் துணியின் ஒரு பக்கம் மட்டும் பூசுவார்கள். கிழங்கின் துவர்ப்பும் சேற்றிலிருக்கும் இரும்பும் சேர்ந்து அந்தப் பக்கம் பளபளக்கும் கறுப்பாகிவிடும், மறுபக்கம் செம்பழுப்பாகவே நிற்கும். அப்புறம் ஆற்றிலேயே அலசி மறுபடி வெயில். புதிதாக இருக்கும்போது நடந்தால் சரசரக்கும், அதனால் முதலில் அதன் பெயரே 'ஒலிக்கும் மேகப் பட்டு' என்றுதான் இருந்ததாம், பிறகுதான் அதே ஓசையில் 'மணக்கும் மேகம்' ஆனது. உடுத்த உடுத்த மென்மையாகும், வியர்வைக்கு ஒட்டாது. நைலானும் பாலியெஸ்டரும் வந்த பிறகு கேட்பாரில்லாமல் போயிருந்த இந்தத் துணியை 1990-களில் ஷென்ஜென் டிசைனர் லியாங் ஜி கையிலெடுத்து நவீன உடைகளாக்கினார், 2008-இல் இந்தச் சாயத்தொழில் தேசிய மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. வெயிலும் ஆறும் மண்ணும் ஒத்துழைத்தால்தான் அந்தத் துணி, மழைக்காலமானால் பட்டறை காத்திருக்கும். இதைத் தொழிற்சாலையில் ரசாயனம் போட்டு அதே நிறத்தில் செய்யலாம். செய்கிறார்கள். தொட்டால் வித்தியாசம் தெரியும்.

மா கெ என்ற டிசைனரின் பெயரும் உங்கள் கட்டுரையில் இல்லை. 1996-இல் குவாங்ஜோவில் தொடங்கிய ஒரு பிராண்டை நன்றாக வளர்த்துவிட்டு, போதும் என்று விலகி, 'உவ்யொங்', அதாவது 'பயனற்றது' என்று பெயர் வைத்து 2006-இல் கைநெசவும் இயற்கைச் சாயமும் கைத்தையலும் மட்டுமே கொண்ட வேறொரு வேலையைத் தொடங்கினார். உடைகளை மண்ணில் புதைத்துவைத்து, மண் தன் நிறத்தையும் கறையையும் அதில் எழுதிய பிறகு எடுத்து 2007-இல் பாரிஸில் காட்டினார். அவற்றிலும் டிராகன் கிடையாது.

நான்ஜிங்கின் யுன்ஜின் ஜரிகைப் பட்டைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை போடலாம். இரண்டு பேர் சேர்ந்து நெய்யும் பெரிய தறி, ஒருவர் மேலே உட்கார்ந்து பாவு நூல்களைத் தூக்குவார், ஒருவர் கீழே ஊடை ஓட்டுவார், தங்க இழையும் மயில் இறகு இழையும் கோத்து நாளெல்லாம் உழைத்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் வரும். எந்த நூலுக்குப் பிறகு எந்த நூல் என்பதைப் பாட்டாகப் பாடி ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சாங்ஷாவுக்கு அருகே மாவாங்துய் கல்லறையில் 1972-இல் தோண்டியபோது கிடைத்த, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பட்டு மெல்லங்கி வெறும் 49 கிராம் எடை. அதை அப்படியே மறுபடி நெய்ய முயன்றால் எடை கூடிக்கூடிப் போனது, காரணம் இன்றைய பட்டுப்புழு அன்றைய புழுவைவிடக் கொழுத்தது, அதன் நூலும் தடிப்பு. மெல்லிய நூல் விடும் புழுவிலிருந்து தொடங்கிப் பல வருடம் போராடி, நான்ஜிங் யுன்ஜின் ஆய்வகத்தார் 2019-இல்தான் 49.28 கிராமில் அதை முடித்தார்கள். ஒரு தொழில் கைவிட்டுப் போனால் கைத்திறன் மட்டும் போவதில்லை, புழுவும்கூடப் போய்விடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இனி கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே உறுத்திய இடம். ஹான்ஃபு, அதாவது ஹான் இனத்தாரின் பழங்கால உடை, உடுத்தும் இளைஞர்களைப் பற்றி எழுதிவிட்டு, இதுதான் 'அசல் சீன உடை' என்று போட்டிருந்தார்கள். 2003 நவம்பரில் ஜெங்ஜோ நகரத் தெருவில் ஒரு மின்தொழிலாளி ஹான்ஃபு உடுத்தி நடந்ததிலிருந்து இன்று ஷான்டொங் மாகாணத்தின் சாவ்ஷியன் மாவட்டமே ஹான்ஃபு தைத்து நாடெங்கும் அனுப்பும் அளவுக்கு அது வளர்ந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி, சூஜோவின் தோட்டங்களில் அந்தப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்வதை நின்று பார்த்திருக்கிறேன். 2022-இல் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோர் 29,000 யுவான் விலையில் ஒரு பாவாடையை வெளியிட்டு அது தங்களுக்கே உரிய வடிவம் என்று சொன்னபோது, முன்னும் பின்னும் தட்டையான மடிப்பும் பக்கங்களில் கொசுவமும் வைத்த அது சீன மிங் அரசகுலக் காலத்து மாமியன்ச்சுன் பாவாடை என்று பாரிஸ் தெருவில் நின்று சொன்னதும் சீன மாணவர்கள்தான். சரி, சொன்னது நியாயம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வதில் என்ன குறைந்துவிடும்?

ஆனால் அதே நியாயத்தை வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும் இல்லையா? ஹான்ஃபு அசல், சீபாவ் ஒருகாலத்தில் சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தாரின் உடை, அதனால் அது சீன உடையே அல்ல என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் கட்டுரையும் தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. சீபாவ் மஞ்சு அங்கியிலிருந்து வந்தது, 1920-களின் ஷாங்ஹாயில் உருமாறியது, 1929-இல் அரசாங்கமே அதைப் பெண்களின் முறையான உடையாக அறிவித்தது, மேற்கத்தியத் தையல்முறை சேர்ந்து உடலை ஒட்டிய வடிவம் எடுத்தது, சீனப் பெருநிலத்தில் அது குற்றமாக இருந்த வருடங்களில் ஹாங்காங் தையல்காரர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஒரே உடைக்குள் இவ்வளவு பேர் கை வைத்திருக்கிறார்கள், இதில் யாரைக் கழித்துவிட்டு அசலைக் கண்டுபிடிப்பது?

குய்ஜோ மலைகளில் இருக்கும் மியாவ் மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகை உருக்கிச் செப்புக் கத்தியால் துணியில் கோலமிட்டு, அவுரிச் சாயத்தில் முக்கி, மெழுகைக் கரைத்து எடுப்பார்கள். தங்கள் கதைகளைப் பாட்டிலும் துணியிலும்தான் பதிந்து வைத்தார்கள். அவர்கள் பாடல்களில் மனித குலத்தைப் பெற்றெடுத்தவள் வண்ணத்துப்பூச்சித் தாய், அவள் தோன்றியது ஒரு மேப்பிள் மரத்திலிருந்து. அந்த வண்ணத்துப்பூச்சி அவர்கள் சட்டைக் கையில் இருக்கிறது, பாவாடையில் கிடைமட்டமாக ஓடும் பட்டைகள் முன்னோர்கள் இடம்பெயர்ந்தபோது கடந்த ஆறுகள் என்று சொல்வார்கள். பெருநகரத்து டிசைனர் ஒருவர் அந்த ஆறுகளை எடுத்து ஜாக்கெட்டில் அச்சடித்து 'இனக்குழு பாணி' என்று விற்றால், டியோர் செய்ததிலிருந்து அது எப்படி வேறுபடும் என்று எனக்குத் தெரியவில்லை. குய்ஜோவுக்கே போய், மெழுகு இடும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் கேட்கும் கூலியைக் கொடுத்து, அவர்கள் ஊர்ப் பெயரோடு விற்கும் டிசைனர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தலைப்பில் 'அடையாளத் தேடல்' என்று எழுதுவது சரியில்லை.

கூலி என்றதும் ஒன்று. லாவ்ஷியின் பட்டறையில் என்னோடு கற்றவர்களில் 30 வயதுக்குக் கீழே ஒருத்திதான், அவளும் பாதியில் விட்டுவிட்டு ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். நான்கு மாதம் குனிந்து தைத்த படத்துக்குப் பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி படத்தை வைத்துப் பேரம் பேசினால் யார்தான் இருப்பார்கள்? மகளின் கோட் மாதிரி வேலைகள் அதனால்தான் முக்கியம், சுவரில் தொங்கும் மீனுக்கு விலை கொடுக்காதவர்கள் தோளில் போடும் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள். லாவ்ஷி அந்த முதல் கோட்டுக்குப் பிறகு இன்னும் ஆறு தைத்தார், நான் கிளம்பும்போது ஏழாவது சட்டத்தில் இருந்தது.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்தமுறை ஒரு சீன உடையின் படம் போடும்போது அதன் கீழே உடுத்தியவரின் பெயரோடு டிசைனரின் பெயரையும், தெரிந்தால் தொழிலின் பெயரையும் ஊரின் பெயரையும் போடுங்கள்: சூஜோ பூத்தையல், ஷுன்டே சேற்றுப் பட்டு, நான்ஜிங் யுன்ஜின், குய்ஜோ மியாவ் மெழுகுச் சாயம். 'சீன பாணி' என்ற இரண்டு சொல்லுக்கு ஆகும் இடத்தைவிட அரை வரிதான் கூடும். அந்த மஞ்சள் மேலங்கிக்கு ஒரு சிறு திருத்தமும் வெளியிட்டால் நன்றாக இருக்கும், அதில் குவோ பெய் என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி